எலும்பும் வெண்கலமும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பிராந்தியத்தில், காசில்ஃபோர்டு என்னும் ஊரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் புதல்வராக 1898-இல் பிறந்த ஹென்றி மூர், வாலிபப் பருவத்தில் கல்லின் பரம பக்தராகவே இருந்தார். உளி நேராகக் கல்லைத் தீண்டவேண்டும், கல்லின் சுபாவத்துக்கு விரோதமாகச் சிற்பி எதையும் செய்யலாகாது என்பது அவரும் அவருடைய சகாக்கள் சிலரும் பூண்டிருந்த விரதம். பிற்காலத்தில் அவர் வெண்கலத்தை நாடியதற்குக் காரணங்கள் பல கூறலாமாயினும், எலும்பின்மீது அவருக்கிருந்த மோகமும் அவற்றுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

1930-களிலேயே எலும்புகள் மனித வடிவமாக உருமாறும் விதத்தைக் காகிதத்தில் வரைந்து பார்த்தவர் அவர். 1940-இல் லண்டன் வீடு குண்டுவீச்சில் சேதமுற்றபின், ஹெர்ட்ஃபோர்ட்‌ஷயரிலுள்ள பெரி கிரீன் என்ற குக்கிராமத்தில் குடியேறினார். அங்கே அவருடைய சிறிய பட்டறையின் அலமாரிகளில் எலும்புகளும் சிக்கிமுக்கிக் கற்களும் சிப்பிகளும் நிறைந்தன. அவற்றைச் சும்மா பார்த்து ரசித்ததோடு அவர் நிற்கவில்லை. எலும்புத் துண்டின்மேல் களிமண்ணை அப்பி, அதிலிருந்தே சிறு மாதிரி உருவங்களைப் படைத்தார்.

மூட்டில் உருண்டு திரண்டு, நடுவில் ஒடுங்கி, தோள்பட்டையில் தகடாய் மெலிந்து, அத்தனை மெலிவிலும் பிராணியின் பாரத்தைத் தாங்கவல்லது எலும்பு. அந்த மெலிவைக் கல்லில் செதுக்கப் புகுந்தால் விளிம்பு உடைந்துபோகும். வெண்கலமோ அதைத் தாங்கி நிற்கும். பறவையின் மார்பெலும்புத் துண்டொன்றிலிருந்து 1961-இல் பிறந்த ‘நிற்கும் உருவம்: கத்திமுனை’ என்ற சிற்பமே இதற்குச் சாட்சி. அதன் வம்சத்தில் வந்த இருதுண்டுச் சிற்பம் 1967 முதல் லண்டன் பார்லிமெண்டுக்கு எதிரே நிற்கிறது. உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி அளித்த யானையின் மண்டையோடோ மூரைச் சிற்பத்துக்கன்றி அரிப்புச் சித்திரங்களுக்கே தூண்டியது. அதன் துவாரங்களுக்குள் அவர் குகைகளையும் தூண்களையும் கண்டார்.

முள்ளெலும்புகளை நினைவூட்டும் மூன்று துண்டுகளை 1960-களின் இறுதியில் அமைத்து, பின்னர் அவற்றைப் பிரம்மாண்டமாகப் பெருக்கினார். டாலஸ் நகரமன்றத்தின் முன் 1978-இல் அத்தகைய வடிவம் ஒன்று ஸ்தாபிதமாயிற்று. பெரிய வெண்கலப் பிரதிமைகளைப் பகுதி பகுதியாக வார்த்துப் பற்றவைக்கும் வார்ப்படத் தொழிலாளரின் சாமர்த்தியமின்றி இது சாத்தியமன்று. ஆயினும், அளவு பெருகப் பெருக எலும்பின் விறைப்புக் குறைந்து வெறும் பருமனே மிஞ்சுவதாக எனக்குத் தோன்றுகிறது; 1961-ஆம் ஆண்டுச் சிற்பத்தில் அக்குறை இல்லை.