இசிஎம் மாற்றீடு
இசிஎம் மாற்றீடு என்பது, உணரிகளின் தரவுகொண்டு எரிபொருள் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் முடிவுசெய்யும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான இசிஎம் பழுதுறும்போது, அதை அகற்றி வேறொன்றைப் பொருத்தி வண்டியோடு இசைவிக்கும் பணியாகும். எரிபொருள் தெளிப்புக்கான இத்தகைய பெட்டி, 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் இடம்பெற்ற பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அமைப்பின் வழியே பெருமளவு உற்பத்திக்கு வந்தது. பெட்டியைக் குறைகூறுமுன் ஃபியூஸ், எர்த் இணைப்பு, பச்சை பூத்த கனெக்டர் முனைகள் ஆகியவற்றைச் சோதிப்பது இன்றியமையாதது. நல்ல பெட்டிகளே பல வேளைகளில் வீணாகக் கழற்றப்படுகின்றன. புதிய பெட்டியில் அந்த வண்டி மாதிரிக்குரிய மென்பொருளும் 17 இலக்க வாகன அடையாள எண்ணும் பதிவேற்றப்பட வேண்டும். சாவியினுள் உள்ள சில்லின் குறியீட்டைச் சரிபார்க்கும் திருட்டுத்தடுப்பு அமைப்பான இம்மொபிலைசருடன் அது இணைக்கப்படாவிடில், எஞ்சின் இயங்காது, அல்லது இயங்கிய சில நொடிகளில் நின்றுவிடும். பழைய பெட்டியின் நினைவகச் சில்லைக் கழற்றி, அதே பாக எண் கொண்ட மாற்றுப் பெட்டியில் பற்றவைக்கும் முறையும் பட்டறைகளில் வழக்கில் உண்டு.