வாவிக்கரையின் வெறுங்கதிரைகள்

மாரி மழை நாலு நாள் விடாமல் ஊத்தினால் மட்டக்களப்பில் ஒரு கேள்வி தலைதூக்கும்: முகத்துவாரத்தை வெட்டுறதா, விடுறதா? படுவான்கரை வயற்காரர் "வெட்டுங்க, பயிர் தாழுது" என்பார்கள். வாவியை நம்பியிருக்கிற மீனவர்கள் "கொஞ்சம் பொறுங்க, வெட்டினா மீனும் இறாலும் கடலுக்குப் போயிரும்" என்பார்கள். பள்ளமான இடத்தில் வீடு கட்டியிருக்கிறவர்களுக்கு முற்றத்தில் நிற்கிற தண்ணி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கச்சேரியில் கூட்டம் கூடும், திணைக்களங்கள் கதைக்கும், ஒரு முடிவு வரும். மறுகா மெசின் வந்து மணலை வெட்டும்.

இந்த வாதத்தில் தேத்தண்ணிக் கடையில் இருக்கிறவர் முதல் கோயில் வீதியில் நிற்கிறவர் வரை எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். ஆனால் அதே ஆக்களிடம் "உங்கட பிரதேச சபை இந்த வருஷம் எதுக்கெல்லாம் காசு ஒதுக்கியிருக்கு?" எண்டு கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் பதில். "அது அவங்கட வேலை, நமக்கென்ன கா?"

எங்கட சனம் சோம்பேறிச் சனம், அக்கறை இல்லாத சனம் எண்டு சொல்லிவிட்டுப் போவது லேசு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இந்த "நமக்கென்ன"வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் "வாங்க, ஊராட்சியில் பங்கெடுங்க" எண்டு இளைஞர்களைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை.

சபைக்கு முந்திய சபைகள்

ஏறாவூர்ப் பக்கம் தொடங்கி கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் கடலும் தென்னையும் நெருக்கமான ஊர்களும். படுவான்கரையில் வயலும் குளமும் மாடும். இந்த இரண்டு கரைகளிலும் வெள்ளைக்காரன் வந்துதான் கூட்டம் போடவும் முடிவெடுக்கவும் சொல்லித்தந்தான் எண்டில்லை.

எங்கட கோயில்களை வண்ணக்கர்மார் நிர்வகித்தார்கள், இன்றும் பல கோயில்களில் நிர்வகிக்கிறார்கள். தாய்வழியில் வருகிற 'குடி' ஒவ்வொன்றுக்கும் கோயிலில் உரிமையும் கடமையும் இருந்தன. அந்தக் குடிகளின் சார்பில் நின்றவர்கள்தான் வண்ணக்கர்மார். வாவிக்கரை முஸ்லிம் ஊர்களின் பள்ளிவாசல்களிலும் குடிக்கு ஒருவராக மரைக்காயர்மார் இருந்தார்கள். பேர் வேறு, முறை ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே மாதிரியான பிரதிநிதித்துவத்தைப் பழகியிருக்கிறார்கள் எண்டதை இன்று எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

வயலுக்கு வட்டவிதானை. எந்த வாய்க்காலில் எப்ப தண்ணி விடுவது, யார் வேலி கட்டவில்லை, யாருடைய மாடு இறங்கினது எண்டு பார்க்கிறவர் அவர். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், இப்படியான பழைய வழக்கங்களை எழுத்தில் ஏற்றுக்கொண்டது. வயற்காரர் கூடி, பெரும்பான்மையாக ஒத்துக்கொண்டால், தங்கள் விதிகளைத் தாங்களே நடைமுறைப்படுத்தலாம் எண்டது அந்தச் சட்டம். இன்றைக்கும் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்களின் கீழே பெரும்போகம் தொடங்க முந்தி ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. விதைப்புக்கு எந்தத் திகதி, மாடுகளை எப்பவுக்குள் வயற்பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துவது எண்டெல்லாம் அங்கேதான் முடிவாகும். அந்தக் கூட்டத்துக்கு ஆக்கள் அழைப்பு இல்லாமலே வருவார்கள். ஏனென்றால் அங்கே எடுக்கிற முடிவு தன் வரம்பைத் தொடும் எண்டு ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இதையெல்லாம் ஒரு பொற்காலமாக நாங்கள் காட்ட வரவில்லை. அந்தக் கூட்டங்களில் போடியாரின் குரல் ஓங்கியது. அவரின் வயலில் கூலிக்கு வெட்டினவனின் குரல் கேட்கவில்லை. சாதியில் கீழே தள்ளப்பட்டவர்கள் கோயில் முற்றத்திலேயே ஓரத்தில் நின்றார்கள். பெண்களின் நிலை இன்னும் விசித்திரம். எங்கட வழக்கப்படி வீடு மகளுக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு அவளுடையது, ஆனால் ஊர்க்கூட்டத்தில் கதிரை அவனுடையது. இந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வீ.சி. காலம்

1871இல் வந்த கிராம சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமக் குழுக்களுக்கு வழி திறந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்த பிறகு ஆண், பெண் எண்டில்லாமல் வளர்ந்தவர்கள் எல்லாரும் வாக்காளர் ஆனார்கள். கிராமச் சங்கங்கள், பிறகு கிராமசபைகள், பட்டினசபைகள் எண்டு பேர்கள் மாறி மாறி வந்தன. வயசானாக்கள் இன்றும் சில ஒழுங்கைகளை 'வீ.சி. றோட்டு' எண்டுதான் சொல்வார்கள். கிணறு, மதகு, சந்தை, சவக்காலை, வாசிகசாலை எண்டு ஊருக்குள் நடந்து போய்த் தொடக்கூடிய விஷயங்களைப் பார்த்த சபைகள் அவை. மட்டக்களப்பு நகரம் 1967இல் மாநகரசபை ஆனது, செ. இராசதுரை முதல் மேயர்.

பிறகு 1981. அதற்கு முந்திய வருஷம் வந்த மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டத்தோடு நாடு முழுக்கக் கிராமசபைகளும் பட்டினசபைகளும் ஒழிக்கப்பட்டன. நடந்து போய்த் தொடக்கூடிய தூரத்தில் இருந்த சபை, ஒரே கையெழுத்தில் மாவட்டத் தலைநகருக்குப் போய்விட்டது. அந்த மாவட்ட சபைகளும் நீடிக்கவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஊராட்சியை மறுபடி கொண்டுவந்தது. தெற்கில் 1991இல் முதல் தேர்தல் நடந்தது. இங்கே யுத்தம். கிழக்கில் 1994 மார்ச் 1ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. அதன்பிறகு மட்டக்களப்பு மாநகரசபைக்கும் எட்டுப் பிரதேச சபைகளுக்கும் 2008 மார்ச் 10 வரை, அதாவது 14 வருஷம், தேர்தலே இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியையும் கல்லடியையும் கடல் அள்ளிக்கொண்டு போனபோது மாநகரசபையில் மக்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட இல்லை. எந்த ஒழுங்கையில் எத்தனை வீடு இருந்தது, யார் எங்கே படுத்திருந்தார்கள் எண்டு தெரிந்த வட்டார உறுப்பினர் ஒருவர் தேவைப்பட்ட நாள் அது. கதிரைகள் வெறுமையாக இருந்தன. பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றின் உரிமை 'குடும்பத் தலைவர்' பேரில் எழுதப்பட்டது. தலைவர் எண்டால் ஆண் எண்டே அதிகாரிகள் எடுத்தார்கள். தாய்வழியாக வந்த வளவு அப்படிக் கைமாறியதைப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. ஊர் வழக்கம் தெரிந்த ஒரு சபை இருந்திருந்தால் அந்தக் கேள்வி படிவம் அச்சடிக்க முந்தியே எழுந்திருக்கும்.

2008க்குப் பிறகு இந்தச் சபைகளுக்கு அடுத்த தேர்தல் 2018 பெப்ரவரி 10. அதில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9இல் நடக்க இருந்த தேர்தல் காசு இல்லை எண்டு தள்ளிப்போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் எண்டு உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்தது. 2025 மே 6இல்தான் வாக்குப்பெட்டி வந்தது.

இப்ப ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 1981இலிருந்து 2025 வரை 44 வருஷம். நாலு வருஷத்துக்கு ஒருக்கா எண்டால் பதினொரு தேர்தல் வந்திருக்க வேணும். வவுணதீவிலோ பட்டிப்பளையிலோ வெல்லாவெளியிலோ ஒருவர் தன் ஊர்ச்சபைக்கு வாக்குப்போட்டது நாலு தரம். 1994, 2008, 2018, 2025. இதுதான் "நமக்கென்ன"வின் வரலாறு. கதிரை வெறுமையாகவே இருந்து பழகின ஊரில், கதிரையைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பழக்கம் எங்கிருந்து வரும்?

கதிரை இல்லாமல் வேலை செய்தவர்கள்

ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை. எண்பதுகளில் மட்டக்களப்பில் பிரஜைகள் குழு இயங்கியது. ஆசிரியர்கள், பாதிரியார்கள், ஊர்ப் பெரியவர்கள் எண்டு சேர்ந்து, பிடித்துக்கொண்டு போனவர்களைத் தேடி முகாம் முகாமாகப் போனார்கள், பேர்களை எழுதினார்கள், அதிகாரிகளின் முன்னால் நின்று கேட்டார்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளமோ வாகனமோ கொடுக்கவில்லை. குழுவின் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சமாதானக் குழுவில் இருந்த அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கின அமெரிக்க யேசுசபைத் துறவி, 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற வழியில் காணாமல் போனார். கூட வந்த சாரதியும் திரும்பவில்லை.

ஊருக்காகக் கேள்வி கேட்பதற்கு அண்டைக்கு உயிர் விலையாக இருந்தது. இண்டைக்கு அதே கேள்விக்கு ஒரு தபால் முத்திரையும் ஒரு பின்னேரமும்தான் விலை. இந்த வித்தியாசத்தை எங்கட தலைமுறை மனசில் வைக்க வேணும்.

இப்ப என்ன செய்யலாம்?

மாவட்டத்தில் இப்ப 12 உள்ளூராட்சி சபைகள்: ஒரு மாநகரசபை, காத்தான்குடி, ஏறாவூர் எண்டு இரண்டு நகரசபைகள், ஒன்பது பிரதேச சபைகள். தெருவிளக்கு, வடிகான், குப்பை, உள்வீதி, சந்தை, சவக்காலை, நூலகம், கோடையில் படுவான்கரைக்குத் தண்ணி கொண்டுபோகிற பவுசர் எண்டு எங்கட நாளாந்த வாழ்க்கையின் பாதி இவர்களின் கையில். எங்களுக்குத் தெரிந்த நாலு வாசல்களைச் சொல்கிறோம்.

முதலாவது, பட்ஜெட். சபை தன் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற முந்தி அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேணும் எண்டது சட்டம். வருஷக் கடைசியில் சபைக் காரியாலயத்துக்குப் போய் "பாதீடு பார்க்க வந்தோம்" எண்டு கேளுங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் போங்கள். உங்கள் வட்டாரத்தின் பேர் எத்தனை இடத்தில் வருகிறது எண்டு மட்டும் எண்ணினாலே பாதிக்கதை விளங்கும்.

இரண்டாவது, குழுக்கள். பிரதேச சபைச் சட்டம் நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பம், சுற்றாடல் எண்டு குழுக்கள் அமைக்கச் சொல்கிறது. அவற்றில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் சபையில் அப்படி ஒருவராவது சேர்க்கப்பட்டிருக்கிறாரா எண்டு கேளுங்கள். இல்லை எண்டால், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகம் ஊடாக ஒரு பேரை எழுத்தில் அனுப்புங்கள்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. சபையின் தகவல் அதிகாரிக்கு எழுதிக் கேட்டால் 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா எண்டு பதில் சொல்ல வேணும். ஏன் கேட்கிறீர்கள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. "கொங்கிறீட் றோட்டு ஏன் ஆறு மாசத்தில வெடிச்சது?" எண்டு முகநூலில் எழுதுவதை விட, "அந்த வீதியின் மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு விபரங்களின் பிரதி தேவை" எண்டு எழுதுவது பலமானது.

நாலாவது, பெண் உறுப்பினர்கள். 2018 வரை நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் இரண்டு வீதத்துக்கும் குறைவு. 2018 தேர்தலோடு நாலில் ஒரு பங்கு ஒதுக்கீடு வந்தது. கதிரை கிடைத்தது, ஆனால் அவர்கள் எழும்பிக் கதைக்கையில் "இருங்க அக்கா" எண்டு சொல்கிற குரல்கள் ஓயவில்லை. சபைக் கூட்டத்தைப் பார்க்கப் பொதுமக்கள் போகலாம். கலரியில் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தால் அந்தக் குரல்கள் கொஞ்சம் அடங்கும்.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேணும். தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி எண்டு வருஷத்தில் குறித்த நாட்களில் கிராமசபை கூடும். வாக்காளர் யாரும் எழும்பிக் கணக்குக் கேட்கலாம். அங்கேயும் பல ஊர்களில் அது சடங்காகிப் போகிறதுதான். ஆனாலும் நாள் எண்டு ஒன்று இருக்கிறது. எங்கட பிரதேச சபைகளுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. வயலுக்கு ஆரம்பக் கூட்டம் இருக்கிற மாதிரி, வட்டாரத்துக்கும் வருஷத்தில் ஒரு ஆரம்பக் கூட்டம் வைக்க எந்தச் சட்டமும் தடை இல்லை. வாசிகசாலை மண்டபமும் ஒரு ஒலிவாங்கியும் போதும். உறுப்பினரைக் கூப்பிடுங்கள். வருகிறவர் வரட்டும்; வராதவரின் கதிரையையும் முன்னால் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. இந்த வாவியைச் சுற்றியிருக்கிற சபைகளின் எல்லைகள் பல இடங்களில் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் எண்டு பிரிந்து கிடக்கின்றன. அந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஆறாத காயங்கள் இருக்கின்றன, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சபையின் வடிகான் தண்ணி விழுகிற இடத்தில்தான் மற்றச் சபையின் மீனவன் வலை வீசுகிறான். வண்ணக்கரும் மரைக்காயரும் ஒரே முறையில் ஊர் நடத்தின கரைகள் இவை. பக்கத்து ஊர்ப் பெடியனோடும் பிள்ளையோடும் சேர்ந்து இரண்டு சபைகளுக்கும் ஒரே கேள்வியை ஒரே நாளில் அனுப்பிப் பாருங்கள்.

இப்ப கதிரைகளில் ஆக்கள் இருக்கிறார்கள். நாலு வருஷம் ஓடிவிடும். அடுத்த தரம் "காசில்லை, தேர்தல் இல்லை" எண்டு யாராவது சொன்னால், அந்த வெறுங்கதிரை தங்களுடையது எண்டு சண்டைபிடிக்க ஒரு சனம் வேணும். அந்தச் சனம் இந்த நாலு வருஷத்துக்குள்தான் உருவாக வேணும். உங்கள் வட்டார உறுப்பினரின் பேர் என்ன? தெரியாது எண்டால், இண்டைக்குப் பின்னேரமே வீட்டில் கேட்டுத் தொடங்குங்கள்.