படைப்புக் கதைப் பாடம் (காட்லி பிளே)

ஆதியாகமம் 1:1–2:3 கூறும் ஏழு நாள் படைப்பு வரலாற்றைக் கைப்பொருள்களைக் கொண்டு சிறுவர்க்கு எடுத்துரைக்கும் பாடம். கத்தோலிக்க வழக்கில் இந்நூல் தொடக்கநூல் எனப்படும். அமெரிக்க எபிஸ்கோப்பல் குருவான ஜெரோம் பெரிமன் உருவாக்கிய காட்லி பிளே என்னும் சமயக் கல்வி முறையில் இது திருக்கதை வகையைச் சேர்ந்தது.

கதைசொல்லி தரையில் அமர்ந்து நீண்ட கருந்துணியை மெல்ல விரித்து, நாளுக்கு ஒன்றாக ஏழு பட அட்டைகளை வரிசையாக வைக்கிறார். அவர் பார்வை பொருள்களின் மீதே நிற்கும். பின்னர் எந்த நாள் பிடித்தது, எது மிக முக்கியம், எதையேனும் நீக்கினாலும் கதை முழுமையாக இருக்குமா என்று பிள்ளைகளிடம் கேட்கப்படும். இவற்றுக்குச் சரியான விடை என ஒன்றில்லை. வசன மனப்பாடத்தை முதன்மைப்படுத்தும் ஓய்வுநாள் பள்ளி வகுப்பிலிருந்து இம்முறை பெரிதும் விலகுவது இங்கேதான். அடுத்து வண்ணம், களிமண் அல்லது அதே அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் தாமே தேர்ந்த வேலையில் ஈடுபடுவர்.

இதன் வேர் மரியா மாண்டிசோரியின் கல்விமுறை. அதைத் தழுவி சோஃபியா கவலெட்டி, ஜான்னா கோபி இருவரும் 1954இல் ரோமில் நல்லாயன் மறைக்கல்வியைத் தொடங்கினர். கவலெட்டியின் பணியைப் பின்பற்றிய பெரிமன், 1991இல் 'காட்லி பிளே' நூலை வெளியிட்டார். இம்முறையின் திருக்கதை வரிசையில் படைப்பே முதல் பாடம்.