மலைநாட்டுக்கு ஏற்ற சிற்றலை: இலங்கையில் அனர்த்தகால ஹாம் வானொலி

இலங்கையில் வானொலி, ஆர்வலர்களின் கைவேலையாகவே தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து பரீட்சார்த்தமாக இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்கள் அதற்குப் பயன்பட்டன. சிலோன் வயர்லெஸ் கிளப் அவர் முயற்சியில் உருவானது. 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. ஒலிபரப்பு அரசின் வேலையாகிவிட, ஆளோடு ஆள் பேசும் ஹாம் வானொலி தனி வழியில் சென்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதற்குத் தடை இருந்தது. பிறகு 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறிகள் இலங்கை ஹாம்களின் அடையாளமாயின.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தெற்கே அம்பாந்தோட்டையில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை ரேடியோ சங்கத்தினர் அங்கே சிற்றலைக் கருவி அமைத்து, கொழும்பிலிருந்த பிரதமரின் அனர்த்தக் கட்டுப்பாட்டு மையத்தோடு தொடர்பு ஏற்படுத்தினர். அதே நாளில் அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் தலைமையில் ஓர் இந்திய ஹாம் குழு தற்செயலாக இருந்தது. உலக ஹாம்களோடு பேசி மகிழப் போன குழு, நிலம் அதிர்ந்த சில மணி நேரத்துக்குள் நிவாரணச் செய்தி நிலையமாக மாறியது. பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்யப்படும் பழக்கம்தான் அன்று அவர்களுக்குக் கைகொடுத்தது.

கண்டிக்குத் தென்கிழக்கே தெல்தோட்டைப் பகுதியின் நிலை கடற்கரையைப் போன்றதல்ல. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இருப்பதும் இப்பக்கத்தில்தான். வளைந்து ஏறும் பாதை, இருபுறமும் மலைமுகடு, சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசை: மண்சரிவு நேர்ந்தால் பாதையும் மின்சாரமும் கைத்தொலைபேசிக் கோபுரமும் ஒன்றாகவே போய்விடலாம். 144 மெகாஹேர்ட்ஸ் கைக்கருவியின் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் முகடு அதை மறிக்கும். உச்சியில் மறு ஒலிபரப்பி இருந்தால்தான் அது தாண்டும். சிற்றலைக்கு வேறு வழி உண்டு. ஏறத்தாழ 20 மீற்றர் கம்பியைச் சில மீற்றர் உயரத்தில் கிடையாகக் கட்டினால் 7 மெகாஹேர்ட்ஸ் அலை செங்குத்தாக மேலேறி, அயன மண்டலத்தில் பட்டு, மழையைப் போல் மேலிருந்து சுற்றிலும் சில நூறு கிலோமீற்றருக்கு இறங்கும். மலை குறுக்கே நிற்பதில்லை. நேர்கோட்டில் கொழும்பு 100 கிலோமீற்றருக்குள்தான். இரவில் 3.5 மெகாஹேர்ட்ஸ் பொருந்தும். மின்சாரத்துக்குக் கார் பற்றரி போதும்.

சட்டமும் வழிவிட்டிருக்கிறது. அனர்த்த வேளையில் ஹாம்கள் பிறருக்காகச் செய்தி அனுப்பலாம் என்று 2003ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு தெளிவாக்கியது. மோர்ஸ் தேர்ச்சியைக் கட்டாயமாக்குவதா என்பதையும் அந்தந்த நாட்டுக்கே விட்டது. அனர்த்தத் தொலைத்தொடர்பு பற்றிய தம்பரே உடன்படிக்கை 2005 ஜனவரி 8ஆம் திகதி, சுனாமிக்கு இரண்டு வாரம் பிந்தி, நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அதே ஆண்டுதான் நிறைவேறியது.

ஆனால் செய்தி போய்ச் சேர்வது மட்டும் உயிரைக் காக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. ஆபத்து பற்றிய எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே தரப்பட்டிருந்தது. குடிபெயர இடமில்லாதவருக்கு வானொலி வீடு கட்டித் தராது. சரிவுக்குப் பிந்திய முதல் மணித்தியாலங்களில் எத்தனை பேர், எந்த லயன், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வெளியே சொல்வதுதான் அதன் வேலை. அதற்கான உரிமத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, பரீட்சையில் தேறியவர் பேரில்தான் தருகிறது. அலுவலக அலுமாரியில் பூட்டிய கருவியால் பயனில்லை. மழைக்காலம் தொடங்குமுன் பரீட்சை எழுதி, கம்பி கட்டிப் பேசிப் பழகிய ஒருவராவது தோட்டத்துக்குள் வேண்டும்.