குடிநீரில் காரீயம்: குழாய்களால் வரும் பாதிப்பும் தடுக்கும் வழிகளும்

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் குடிநீரில் காரீயம் பெரும்பாலும் இருப்பதில்லை. வீட்டுக் குழாய்கள், பற்றவைப்புகள், பித்தளை இணைப்புகள் ஆகியவற்றின் வழியாகவே அது நீரில் கலக்கிறது. நீரின் நிறம், மணம், சுவை மாறுவதில்லை என்பதால், ஆய்வகப் பரிசோதனை மூலமே இதனை உறுதிசெய்ய முடியும். சமையல் பாத்திரங்களில் பூசப்படும் வெள்ளீயம் வேறு. நச்சுத்தன்மை கொண்ட காரீயம் வேறு.

எவ்வாறு கலக்கிறது?

பித்தளையை எளிதாகக் கடைவதற்காக அதில் சிறிதளவு காரீயம் சேர்க்கப்படுகிறது. குரோமிய முலாம் பூசிய குழாயின் உட்புறமும் பித்தளையாக இருக்கக்கூடும். அமிலத்தன்மையுள்ள நீர், வெந்நீர், பல மணி நேரம் தேங்கிய நீர் ஆகியவை காரீயத்தை அதிகம் கரைக்கின்றன. எனவே பூட்டிக்கிடந்த வீடுகளிலும், நீர்த்தொட்டி பொருத்திய சுற்றுலா வாகனங்களிலும் கூடுதல் கவனம் தேவை.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014-ஆம் ஆண்டு நீராதாரம் மாற்றப்பட்டபோது, அரிமானத் தடுப்பு வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் பழைய குழாய்களிலிருந்து காரீயம் கரைந்தது.

வரம்பு என்ன?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரநிலைப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் காரீயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பி.வி.சி. குழாய்களில் காரீயச் சேர்மங்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்டது. அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்ப் பொருள்களில் நீர் படும் பரப்புக்கு அனுமதிக்கப்பட்ட சராசரி காரீய அளவு, 2014 முதல் 8 சதவீதத்திலிருந்து 0.25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

யாருக்குப் பாதிப்பு?

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் கண்டறியப்படவில்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் கற்றல் திறனும் பாதிக்கப்படுகின்றன. பெரியவர்களுக்கு உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம். கர்ப்பிணிகளும், பால்பொடி கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளும் கூடுதல் ஆபத்தில் உள்ளனர்.

செய்ய வேண்டியவை

* காலையில் குழாயில் முதலில் வரும் நீரைக் குடிக்காமல், பிற உபயோகங்களுக்குப் பயன்படுத்தலாம்.
* குடிக்கவும் சமைக்கவும் வெந்நீர்க் குழாயின் நீரைத் தவிர்க்க வேண்டும்.
* கொதிக்கவைப்பதால் காரீயம் நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும்.
* எதிர் சவ்வூடு பரவல் முறையிலான (ஆர்.ஓ.) சுத்திகரிப்பான் காரீயத்தைப் பெருமளவு நீக்கும்.
* ஐயமிருப்பின், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நீரைப் பரிசோதிப்பது நல்லது.