ரோமாபுரிக்குக் கப்பலேறி வந்த தேவர்கள்



அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரத்தை வேதபாட வகுப்பில் தியானித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாலிப சகோதரி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். லீஸ்திராவில் சப்பாணியாயிருந்த மனுஷன் எழுந்து நடந்ததைக் கண்ட ஜனங்கள், பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் அழைத்ததாக நம்முடைய பழைய திருப்புதலில் வாசிக்கிறோம். அவளுடைய கைபேசியிலிருந்த புதிய மொழிபெயர்ப்பிலோ சீயஸ் என்றும் ஹெர்மஸ் என்றும் இருந்தது. "ஐயா, இரண்டில் எது சரி? வேதாகமத்தில் பெயர்கள் மாறலாமா?" என்று கேட்டாள். கேள்வியில் சற்றே கலக்கம் இருந்தது. அன்றைக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னேன். அது போதாது என்று மனதில் தோன்றியபடியால் இந்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

லீஸ்திராவின் ஜனங்கள் சத்தமிட்டது லிக்கவோனியா பாஷையில். அதை லூக்கா எழுதி வைத்தது கிரேக்கத்தில். அவர் எழுதிய பெயர்கள் சீயஸ், ஹெர்மஸ் என்பவையே. லத்தீன் வேதாகமம் அவற்றுக்கு ரோமர் வழங்கிய பெயர்களை இட்டது. பழைய ஆங்கில வேதாகமமும் அவ்வழியே சென்றது. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்திலும் அப்பெயர்களே நின்றன. ஆகவே இங்கே பிழையொன்றும் இல்லை. ஆனால் சீயஸுக்குப் பதிலாக யூப்பித்தர் என்று எழுதினால் போதும், இரண்டும் ஒன்றே என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் ஐயமின்றி எண்ணுவதற்கு, அவருக்குப் பின்னால் பல நூற்றாண்டுகளின் சரித்திரம் இருக்கவேண்டும். அந்தச் சரித்திரத்தைத்தான் நீங்கள் அறியவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆதியில் ரோமருடைய தேவர்களுக்குக் கதைகள் அதிகமில்லை. பெண்டாட்டி பிள்ளைகள், சண்டை, சூழ்ச்சி, காதல் என்று கிரேக்கர் பாடிய எதுவும் அவர்களிடத்தில் காணப்படவில்லை. ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு சக்தி இருந்தது, அவ்வளவே. கதவுப் பலகைக்கு ஒரு தேவன், கீலுக்கு ஒரு தேவி, வாசற்படிக்கு ஒரு தேவன். ஒரு வீட்டு வாசலுக்கு மனிதரில் ஒரே காவற்காரன் போதுமாயிருக்க, தேவர்களில் மூன்று பேர் வேண்டியதாயிற்றே என்று அகஸ்டின் தம்முடைய தேவனுடைய நகரம் என்னும் நூலில் பரிகாசம் செய்கிறார்.

அதே நூலின் 4ஆம் புத்தகத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த வர்ரோ என்னும் ரோமப் பேரறிஞர், பண்டைய ரோமர் 170 ஆண்டுகளுக்கு மேலாக விக்கிரகம் இல்லாமலே தங்கள் தேவர்களை வணங்கினார்கள் என்று எழுதினாராம். அந்த வழக்கம் நிலைத்திருந்தால் வழிபாடு இன்னும் தூய்மையாயிருந்திருக்கும் என்று அவர் வருந்தினார். அதற்குச் சாட்சியாக அவர் காட்டியது யாரை என்று நினைக்கிறீர்கள்? யூத ஜனத்தை! இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் வர்ரோவின் கணக்கை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் விக்கிரகங்களால் நிறைந்த பட்டணத்தில் வாழ்ந்த ஒரு புறஜாதி அறிஞர், இழந்துபோன ஒன்றைக் குறித்து ஏங்கினார் என்பது என் உள்ளத்தைத் தொடுகிறது.

இத்தாலியின் தென்பகுதியில் கிரேக்கர் பட்டணங்களைக் கட்டிக் குடியேறியிருந்தார்கள். நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலிருந்த கூமே அவற்றில் மிகப் பழையது. வடக்கே எத்ருஸ்கர் என்னும் ஜனம் கிரேக்கருடைய கதைகளையும் சிற்பங்களையும் முன்னமே விரும்பி ஏற்றிருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே ரோமாபுரி இருந்தபடியால், கிரேக்க தேவர்கள் மிகப் பழங்காலத்திலேயே அங்கே வந்து சேர்ந்தார்கள். ரோமாபுரிக்கு அருகேயுள்ள லவீனியம் என்னும் ஊரில், கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வெண்கலத் தகடு கிடைத்தது. கிரேக்கரின் இரட்டைத் தேவர்களான காஸ்டர், பொல்லுக்ஸ் என்பவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்த இரட்டையரை மறந்துவிடாதேயுங்கள்.

கிரேக்க தேவர்கள் எந்த வாசல் வழியாக ரோமாபுரிக்குள் நுழைந்தார்கள்? பெரும்பாலும் பயம் என்னும் வாசல் வழியாக. கூமேயைச் சேர்ந்த சிபில் என்னும் தீர்க்கதரிசினி தார்க்குவின் ராஜாவிடம் ஒன்பது புத்தகங்களை விற்க வந்ததாகவும், அவன் விலையைக் கேட்டு மறுத்தபோது மூன்றைச் சுட்டெரித்ததாகவும், மறுபடியும் மறுக்க இன்னும் மூன்றை எரித்ததாகவும், மீந்த மூன்றை அவன் ஒன்பதின் விலைக்கே வாங்கியதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும், அப்படிப்பட்ட சுருள்கள் யூப்பித்தருடைய கோவிலில் இருந்தது உண்மை. அவை கிரேக்க மொழியில், செய்யுளாக எழுதப்பட்டிருந்தன. கொள்ளைநோயோ பஞ்சமோ தோல்வியோ வரும்போது, செனட் சபை அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரிகளை அனுப்பி அச்சுருள்களைத் திறந்து பார்க்கச் சொல்லும். அவர்கள் திரும்பி வந்து சொல்லும் பரிகாரம் அநேகமாய் ஒன்றே: இன்னும் ஒரு தேவனைக் கொண்டுவாருங்கள், அல்லது கிரேக்க முறைப்படி இன்னும் ஒரு சடங்கைச் செய்யுங்கள்.

பஞ்சத்தின் நாட்களில் நேர்ந்துகொண்டு, கி.மு. 493இல் கேரஸ் என்னும் தானிய தேவிக்குக் கோவில் கட்டினார்கள். பிற்காலத்தில் அவளுக்குக் கிரேக்க முறைப்படி நடந்த வழிபாட்டுக்கு நேப்பிள்ஸிலிருந்தும் வேலியாவிலிருந்தும் கிரேக்கப் பூசாரிப் பெண்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ரோமக் குடியுரிமை கொடுக்கப்பட்டது என்றும், அந்நிய அறிவோடு செய்யும் வேண்டுதலும் குடிமகளின் மனதோடு ஏறெடுக்கப்படவேண்டும் என்பதே அதன் நோக்கம் என்றும் சிசரோ எழுதுகிறார். கொள்ளைநோயின் நிமித்தம் கி.மு. 433இல் நேர்ந்துகொண்ட அப்பொல்லோவின் கோவில் 431இல் பிரதிஷ்டையாயிற்று. அப்பொல்லோவுக்கு இணையான ஒருவன் ரோமரிடம் இல்லாதபடியால், கிரேக்கப் பெயரோடேயே அவன் தங்கிவிட்டான்.

கி.மு. 399ஆம் ஆண்டின் சம்பவத்தைச் சற்றே நின்று கவனியுங்கள். கடுங்குளிருக்குப்பின் வந்த கோடையில் கொள்ளைநோய் எழும்பிற்று. சுருள்களின்படி முதன்முதலாகத் தேவர்களுக்கு விருந்து வைத்தார்கள். அலங்கரிக்கப்பட்ட மஞ்சங்களில் அப்பொல்லோ, லத்தோனா, ஹெர்குலஸ், தியானாள், மெர்க்கூரி, நெப்டியூன் ஆகியோரை அமர்த்தி, அவர்களுக்கு முன்பாகப் பந்தி பரிமாறினார்கள். எட்டு நாட்கள் இது நடந்தது. அந்நாட்களில் வீடுகளின் கதவுகள் திறந்தே இருந்தன. வழிப்போக்கரும் பந்தியில் அமர்ந்தார்கள். சண்டைக்காரர் சாந்தமாய்ப் பேசினார்கள். கைதிகளின் கட்டுகள் அவிழ்க்கப்பட்டன என்று லிவி என்னும் சரித்திர ஆசிரியர் சொல்லுகிறார். இதை நாம் எளிதாய் நகைத்துத் தள்ளிவிடலாகாது. மரணம் தெருவில் நடக்கும்போது, அறியாத தேவர்களுக்குமுன் அந்த ஜனம் தன் கதவைத் திறந்து வைத்தது. அறிந்த தேவனை உடைய நாமோ பல வேளைகளில் பூட்டிக்கொள்ளுகிறோம்.

கி.மு. 293இல் மீண்டும் கொள்ளைநோய். இம்முறை கிரேக்கரின் சுகமளிக்கும் தேவனாகிய எஸ்குலாப்பியுவைக் கொண்டுவர எப்பிதவுரு என்னும் ஊருக்குத் தூதர் அனுப்பப்பட்டார்கள். அவனுடைய அடையாளமாகிய சர்ப்பம் கப்பலேறி வந்து, தீபர் நதியின் நடுவிலிருந்த தீவில் நீந்திக் கரையேறிற்று என்றார்கள். அங்கே கி.மு. 291இல் கோவில் எழுந்தது. பின்னாட்களில் அந்தத் தீவின் கரையையே கல்லினால் கப்பலைப் போலச் செதுக்கினார்கள். அதன் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அந்தத் தீவில் இன்றைக்கு ஒரு தேவாலயமும் ஒரு மருத்துவமனையும் உண்டு.

பயம் பெருகியபோது தேவர்களும் பெருகினார்கள். ஹன்னிபால் இத்தாலிக்குள் புகுந்து கி.மு. 217இல் திரசிமேனு ஏரிக்கரையில் ரோமச் சேனையை முறியடித்தபின், பன்னிரண்டு தேவர்களுக்கு ஆறு மஞ்சங்களில், மஞ்சத்துக்கு இருவராக விருந்து வைத்தார்கள். அதில் மார்ஸ் தேவனை வீனஸோடு அமர்த்தியது கவனிக்கத்தக்கது. ரோமருடைய பழைய மார்ஸ் அவர்களுடைய பட்டணத்தை நிறுவியவனுக்குத் தகப்பன், வயல்களைக் காப்பவன். வீனஸோடு அவனைச் சேர்த்தது கிரேக்கரின் ஏரெஸ், அப்ரோதித்தே கதையே. பெயர் ரோமருடையது, உள்ளே இருப்பவனோ கிரேக்கன். இப்படித்தான் சீயஸும் யூப்பித்தரும் ஒன்றாயினர். இவ்விருவரின் பெயர்களும் வானத்தைக் குறித்த ஒரே பழைய சொல்லிலிருந்து பிறந்தவை என்பதால் அங்கே இணைப்பு எளிதாயிற்று. மற்ற இடங்களில் வலிந்துதான் பொருத்தினார்கள்.

அடுத்த ஆண்டு, கி.மு. 216இல், கன்னே போர்க்களத்தில் அதைவிடப் பெருந்தோல்வி. ஃபாபியு பிக்தோர் என்பவர் கிரேக்க தேசத்து தெல்பிக்கு அனுப்பப்பட்டு, எந்த ஜெபத்தினால் தேவர்களைச் சாந்தப்படுத்தலாம் என்று அப்பொல்லோவிடம் விசாரித்தார். இதற்கிடையில் சுருள்களின் கட்டளை என்று சொல்லி, ரோமர் ஒரு கொடுமையைச் செய்தார்கள். கல்லியர் இருவரையும் கிரேக்கர் இருவரையும், ஆணும் பெண்ணுமாக, மாட்டுச்சந்தையில் உயிரோடே புதைத்தார்கள். ரோமரைப் பெருமையோடு எழுதும் லிவியே, இது ரோமருக்கு அடுத்த சடங்கல்ல என்று வெட்கப்படுகிறார். யாருடைய தேவர்களைக் கடன் வாங்கினார்களோ, அந்த ஜனத்தாரையே குழியில் இறக்கினார்கள்.

எல்லாரும் இதை விரும்பினார்கள் என்று எண்ணவேண்டாம். சீரகூசா பட்டணத்தைப் பிடித்த மார்செல்லு கி.மு. 211இல் அதன் சிலைகளை ரோமாபுரிக்கு அள்ளி வந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் தாரெந்து பட்டணத்தைப் பிடித்த ஃபாபியு மாக்ஸிமுவோ, கோபங்கொண்ட அந்தத் தேவர்களைத் தாரெந்து ஜனங்களுக்கே விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பெரிய சிலைகளைத் தொடாமல் வந்தார். சீரகூசாவின் சிலைகளைப் பார்த்தவர்கள் நம்முடைய களிமண் தேவர்களைக் கண்டு சிரிக்கிறார்கள் என்று கேட்டோ குமுறியதாக லிவி எழுதுகிறார். கி.மு. 186இல் பாக்கஸ் தேவனுடைய இரகசியக் கூட்டங்களைச் செனட் சபை கடுமையாய் ஒடுக்கிற்று. அந்தக் கட்டளையின் வெண்கலப் பிரதி 1640இல் தென் இத்தாலியில் கிடைத்தது. அனுமதியின்றி ஐந்து பேருக்கு மேல் கூடலாகாது என்பது அதன் கட்டளைகளில் ஒன்று. வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் வாசற்காவலன் செனட் சபையே.

இன்னொரு சிறு காரியம். ரோம முறைப்படி பலியிடுகிறவன் தன் அங்கியால் தலையை மூடிக்கொள்வான். கிரேக்க முறைப்படி பலியிடும்போது தலையைத் திறந்து வைப்பான். கொரிந்து, கி.மு. 146இல் அழிக்கப்பட்டு 44இல் ஜூலியஸ் சீசரால் ரோமக் குடியேற்றமாய் மீண்டும் நிறுவப்பட்ட பட்டணம். 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் ஜெபிக்கும் புருஷன் தலையை மூடுவதைப்பற்றிப் பவுல் எழுதும்போது, ரோமப் பெருமக்களின் இந்த வழக்கமே அவர் மனதில் இருந்திருக்கலாம் என்று சில வேத அறிஞர் கருதுகிறார்கள். அந்த அதிகாரத்தைப் பெண்களின் முக்காட்டைப்பற்றியது என்று மட்டுமே நாம் பிரசங்கித்து வந்திருக்கிறோம். நானும் அப்படியே செய்திருக்கிறேன்.

திபேரியு இராயன் கிறிஸ்துவையும் ரோமரின் தேவர்களில் ஒருவராக ஏற்கும்படி செனட் சபையில் யோசனை வைத்ததாகவும், சபை மறுத்ததாகவும் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். இது நடந்திருக்கும் என்று சரித்திர ஆசிரியர் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் சபை சம்மதித்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன். அப்பொல்லோவுக்கு அருகே ஒரு மஞ்சம் போட்டிருப்பார்கள். தீபர் நதிக்கரையில் ஒரு கோவில் கட்டியிருப்பார்கள். கொள்ளைநோய் வந்தால் அவரையும் கேட்டிருப்பார்கள். உபத்திரவத்தைவிட அது திருச்சபைக்கு மோசமாயிருந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

பிரியமானவர்களே, மருத்துவமனை வராந்தாக்களில் உங்களில் பலரோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். அறிக்கை கைக்கு வருமுன் மனம் எங்கெல்லாம் ஓடும் என்பதை நான் அறிவேன். இதையும் செய்து பார்ப்போமே, இதனால் என்ன கெட்டுப்போகும் என்று ஒருவர் காதோடு சொல்லும் அந்த வேளையில்தான் ரோமாபுரி எனக்குத் தூரமான தேசமாகத் தோன்றுவதில்லை. அப்படி ஓடினவர்களை நான் கடிந்துகொள்ளத் துணியேன். ஆயினும் இயேசுவை மஞ்சங்களில் ஒன்றில் உட்காரவைக்க முடியாது என்பதை மட்டும் அப்போதும் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்லுகிறேன்.

அந்தச் சகோதரியின் கேள்விக்குத் திரும்புகிறேன். பெயரை மொழிபெயர்ப்பது ஒன்று, தேவனைக் கடன் வாங்குவது வேறு. அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில், மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கியபின் பவுல் ஏறிய கப்பலின் அடையாளம் மிதுனம் என்று நம் பழைய வேதாகமம் சொல்லுகிறது. கிரேக்கத்தில் அது காஸ்டர், பொல்லுக்ஸ் என்னும் அதே இரட்டையர். மாலுமிகளின் காவலர் என்று எண்ணப்பட்டவர்கள். நம்முடைய மொழிபெயர்ப்பாளர்கள் தமிழர் அறிந்த இராசிப் பெயரை அங்கே இட்டார்கள். அந்த இரட்டையருக்கு ரோமாபுரியின் பொதுச் சதுக்கத்தில் கி.மு. 484முதல் கோவில் இருந்தது. பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்ட அதன் மூன்று தூண்கள் இன்றும் நிற்கின்றன.

அந்தக் கப்பலில் ஏறமாட்டேன் என்று பவுல் சொல்லவில்லை. அதன் அடையாளத்தை வணங்கவும் இல்லை. லூக்கா அதை ஒரு வார்த்தையில் குறித்துவிட்டு, காற்றையும் துறைமுகங்களையும்பற்றி எழுதப் போய்விடுகிறார். புத்தேயோலியில் இறங்கினார்கள், அது கூமேக்கு மிக அருகிலுள்ள துறைமுகம். அங்கே சகோதரரைக் கண்டு ஏழு நாள் தங்கினார்கள். பின்பு தரைவழியாய் ரோமாபுரியை நோக்கி நடந்தார்கள். அப்பியுபுரம்வரைக்கும் சிலர், மூன்று சத்திரம்வரைக்கும் சிலர், பவுலைச் சந்திக்கும்படி பட்டணத்திலிருந்து புறப்பட்டு வந்திருந்தார்கள். கட்டப்பட்ட மனுஷனாய் வந்த அவர், அவர்களைக் கண்டு தேவனுக்கு நன்றி செலுத்தித் தைரியமடைந்தார்.