காவிரி டெல்டா நெற்பயிர்ச் செய்மதிக் கண்காணிப்பு

காவிரி டெல்டா நெற்பயிர்ச் செய்மதிக் கண்காணிப்பு என்பது தமிழ்நாட்டின் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை முதலிய மாவட்டங்களில் விளையும் நெல்லின் பரப்பு, வளர்ச்சி, இழப்பு ஆகியவற்றைப் பல நாடுகளின் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு அறியும் முறையாகும். இத்தரவுகள் பயிர்க் காப்பீட்டிலும் பயன்படுவதால், அவற்றை ஒருங்கிணைப்பதில் நேரும் குறை உழவருக்குக் கிடைக்கும் இழப்பீட்டைப் பாதிக்கக்கூடும்.

பின்னணி

டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி என மூன்று நெற்பருவங்கள் உள்ளன. மேட்டூர் அணை மரபாக சூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படுகிறது. நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போகும், நடவும் தள்ளிப்போகும். எனவே அடுத்தடுத்த ஊர்களில்கூட நாற்றங்கால், புதுநடவு, கதிர்விட்ட பயிர் ஆகியன ஒரே வேளையில் காணப்படுவதுண்டு. ஒரு நாளில் எடுத்த ஒரே படத்தைக் கொண்டு இவற்றைத் தெளிவாகப் பிரித்தறிய இயலாது.

மேலும், சம்பா வளரும் அக்டோபர் முதல் திசம்பர் வரையான காலம் வடகிழக்குப் பருவமழைக் காலமாகும். அப்போது ஒளியியல் செயற்கைக்கோள்களின் படங்களில் மேகங்கள் வயல்களை மறைத்துவிடுகின்றன.

ரேடார் முறை

ரேடார் செயற்கைக்கோள் நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையை அளக்கிறது. இதற்கு மேகமும் இருளும் தடையல்ல. நீர் தேங்கிய சேற்றுவயல் அலையை வேறு திசையில் தெறிக்கச் செய்வதால் படத்தில் கருமையாகத் தெரியும். தூர்கள் பெருகும்போது அலை தண்டிலும் இலையிலும் பட்டுச் சிதறித் திரும்புவதால் வயல் வெளிறும். கருமையிலிருந்து வெண்மைக்கு மாறும் இந்த வரிசையே நெல்லுக்குரிய அடையாளமாகும். நடவு நாளும் இதிலிருந்தே கணிக்கப்படுகிறது.

பன்னாட்டு ஒத்துழைப்பு

புவி நோக்கல் செயற்கைக்கோள்களுக்கான குழு 1984 ஆம் ஆண்டிலும், அரசுகளின் கூட்டமைப்பான புவி நோக்கல் குழு 2005 ஆம் ஆண்டிலும் தோன்றின. 2011 இல் ஜி-20 நாடுகள் உலக வேளாண்மைக் கண்காணிப்புக்கான ஜியோகிளாம் முயற்சியைத் தொடங்கின. 2010களில் சுவிட்சர்லாந்து அரசின் உதவியுடன் நடந்த 'ரைஸ்' திட்டத்தில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றன. இதில் முதலில் இத்தாலியின் காஸ்மோ-ஸ்கைமெட், செருமனியின் டெராசார்-எக்ஸ் படங்களும், பின்னர் 2014 இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ படங்களும் பயன்பட்டன.

ஒருங்கிணைப்புச் சிக்கல்கள்

கால இடைவெளி: ஒரு சென்டினல்-1 செயற்கைக்கோள் 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதையில் வருகிறது. சுமார் 110 நாள் பயிரான குறுவைக்கு இவ்வாறு ஏறத்தாழ 9 படங்களே கிடைக்கும். நடவை ஒட்டிய படம் தவறினால் கணிப்புப் பிழையாகலாம். இணையாகச் செயல்பட்ட சென்டினல்-1பி 2021 திசம்பரில் பழுதடைந்தது. அதன் இடத்தை நிரப்பும் சென்டினல்-1சி 2024 திசம்பரில்தான் ஏவப்பட்டது.

அலைநீளம்: டெராசார்-எக்ஸ் சுமார் 3 செ.மீ., சென்டினல்-1 சுமார் 5.6 செ.மீ. அலைகளைப் பயன்படுத்துகின்றன. 2025 சூலை 30 அன்று ஏவப்பட்ட இந்திய-அமெரிக்கக் கூட்டுச் செயற்கைக்கோளான நிசாரின் ஓர் அலை சுமார் 24 செ.மீ. நீளமுடையது. நீண்ட அலை பயிருக்குள் ஆழமாக ஊடுருவும். ஆகவே ஒன்றுக்கு வகுத்த அளவுகோல் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தாது.

தரவுக் கொள்கை: லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன, சென்டினல் தரவுகளும் இலவசமே. ஆனால் தனியார் வணிகப் படங்களைப் பருவம் முழுவதும் வாங்குவதற்குப் பெருஞ்செலவாகும்.

தரைச் சான்று: சிறு வயல்களில் வரப்பும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் நெல்லுடன் கலந்து பதிவாகும். எனவே நேரடி வயல் ஆய்வு, அடங்கல் பதிவு, கிராம எல்லை வரைபடம் ஆகியவற்றுடன் படங்களை ஒப்பிட வேண்டியுள்ளது.

காப்பீட்டில் பயன்பாடும் வரம்புகளும்

2016 இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, நடவே நடைபெறாத கிராமங்களைக் கண்டறிய இத்தரவுகள் உதவின. அவ்வாண்டு தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழக நெல்லுக்கான இழப்பு வருவாய்க் கிராம அளவில் கணக்கிடப்படுகிறது.

எனினும், கதிர் பதரானதை ரேடார் நேரடியாகக் காட்டாது. கனமழையில் மூழ்கிய பயிர், அடுத்த படம் எடுப்பதற்குள் வெள்ளம் வடிந்துவிட்டால் மூழ்கியதாகவே பதிவாகாமல் போகலாம். இக்காரணங்களால் செய்மதிக் கணிப்பு, வயலில் நடத்தப்படும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குத் துணையாகுமேயன்றி முழு மாற்றாகாது.

இவற்றையும் பார்க்கவும்

தொலையுணர்வு
மேட்டூர் அணை
சம்பா சாகுபடி